பார்த்தாச்சு

மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்கும்போது அக்காவின் இரண்டு கண்களைச் சுற்றியும் வட்டமாகத் தடம் பதிந்திருக்கும். கழற்றி வைத்த மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்வார். கழுத்தைப் பின்னால் சாய்த்து இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்புவார். பிறகு ஒரு வார்த்தை சொல்வார்: "பார்த்தாச்சு."

நல்லதா கெட்டதா என்று அந்தக் குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. எல்லாவற்றுக்கும் ஒரே குரல்தான். இன்னொரு முறை பாருங்களேன் என்று டாக்டரே கேட்டாலும் பார்க்க மாட்டார். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்லவும் மாட்டார். நாங்கள் வேலை பார்த்த ஆஸ்பத்திரி லேபில் நான் சேர்ந்து சில வருஷங்களில் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. அவர் செய்த வேலையை வேறோர் ஆஸ்பத்திரியில் இப்போது நான் செய்கிறேன். மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையை எடுத்ததும் என் வாயிலும் அந்த வார்த்தைதான் வருகிறது.

ராயபுரத்தில் மார்க்கெட்டை ஒட்டிய ஒரு தெருவில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. கீழே பிரசவம். மாடியில் குழந்தை இல்லாதவர்களுக்கான சிகிச்சை. இரண்டுக்கும் ஒரே படிக்கட்டு. மாடிக்கு வருகிற பெண்கள், கீழே அழுகிற குழந்தைகளின் சத்தத்தைத் தாண்டித்தான் ஏறி வர வேண்டும். ஏறி வந்ததும் தலையில் இருக்கும் பூவைக் கழற்றி வாசலில் உள்ள எவர்சில்வர் தட்டில் வைத்துவிட வேண்டும். மல்லிகை, பவுடர், தைலம் எந்த வாசனையும் லேபுக்குப் பக்கத்தில் வரக் கூடாது. உடம்பை விட்டு வெளியே வந்து கண்ணாடித் தட்டில் கிடக்கும் முட்டைக்கு அது ஆகாது. சாயங்காலம் பார்த்தால் அந்தத் தட்டில் வாடிய சரங்கள் குவிந்திருக்கும். போகும்போது யாரும் எடுத்துக்கொண்டு போவதில்லை.

லேபில் நாங்கள் இரண்டே பேர். முட்டையையும் விந்தையும் தட்டில் சேர்த்து வைத்து, கரு உண்டாகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. தட்டுகளுக்குப் பேர் எழுதுவது, மருந்து நீர் கலப்பது, இன்குபேட்டரின் சூட்டைக் கவனிப்பது என் வேலை. நான் விலங்கியல் படித்துவிட்டு வந்தவள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்தவளும் நான்தான், கல்லூரிக்குப் போனவளும் நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. முதல் வாரம் அவரை மேடம் என்று கூப்பிட்டேன். "மேடம்லாம் டாக்டருக்கு. என்ன அக்கான்னு கூப்டு. இல்லன்னா கூப்டவே கூப்டாத" என்றார். அக்கா என்றே கூப்பிட்டேன்.

அவருக்குத் தீராத கழுத்துவலி. நாள் முழுக்கக் குனிந்து பார்க்கிற வேலை. ஆனால் தைலம் தடவ முடியாது. சாயங்காலம் ராயபுரம் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறி, உட்கார இடம் கிடைத்ததும் முதல் வேலையாகப் பையிலிருந்து தைல பாட்டிலை எடுத்துக் கழுத்து நிறையத் தேய்த்துக்கொள்வார். பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்ந்துகொள்வார்கள். எனக்கும் உட்கார இடம் கிடைக்கும்.

மனிதர்களிடம் வருவதற்கு முன்னால் மாட்டுக் கருவில் ஆராய்ச்சி செய்கிற ஓர் இடத்தில் இருந்திருக்கிறார். காலையில் புளியந்தோப்பில் மாடு அறுக்கிற தொட்டிக்குப் போய், அறுத்த பசுவின் சினைப்பைகளை வாங்கி, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் ஊற்றிய ஃபிளாஸ்கில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவாராம். ஒருநாள் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண், ஃபிளாஸ்கைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் பால் இருந்தால் குழந்தைக்குக் கொடேன் என்று கேட்டிருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் இல்லை என்று சொல்லியிருப்பார்கள். இவர், இதில் மாட்டு முட்டைதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். மாடு எப்போம்மா முட்டை போட ஆரம்பிச்சுது என்று கண்டக்டர் கேட்க, தொட்டியிலிருந்து லேப் வரைக்கும் பஸ் சிரித்துக்கொண்டே போயிருக்கிறது.

காசிமேட்டில் மீன் வாங்க அவரோடு போவது பெரிய பேஜாரு. செவுளைத் தூக்கிப் பார்ப்பார், பார்த்தாச்சு என்பார், அடுத்த கூடைக்குப் போய்விடுவார். விலை கேட்பது, பேரம் பேசுவது எதுவும் இல்லை. ஒரு மீன்காரம்மா பின்னாலிருந்து கத்தினார்: "இன்னாம்மா, பார்த்தாச்சு பார்த்தாச்சுன்னு போய்க்கினே கீற? பொண்ணு பாக்கவா வந்த? புட்ச்சிருக்கா இல்லியான்னு சொல்லிட்டுப் போ." அக்கா திரும்பி வந்து, இது நேற்றைய மீன் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு அந்தப் பக்கம் எங்களால் தலைகாட்ட முடியவில்லை.

இதெல்லாம் சிரிக்கிற கதை. சிரிக்க முடியாததும் ஒன்று உண்டு. எங்கள் நர்ஸ் ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. மாப்பிள்ளை அக்காவின் தெருக்காரர். மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் வெட்கப்பட்டுக்கொண்டே, அவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா அக்கா என்று கேட்டாள். பார்த்திருக்கிறேன் என்றார் அக்கா. அவனுக்கு மணலிப் பக்கம் இன்னொரு வீடு இருக்கிறது, அதில் ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும் இருக்கிறார்கள் என்று அதே மூச்சில் சொல்லிவிட்டுத் தயிர்சாதத்தைப் பிசைந்தார். அந்த நர்ஸ் சாப்பாட்டு டப்பாவை மூடாமல் எழுந்து போனாள். கல்யாணம் நின்றுபோனது. அவளுடைய அம்மா ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து சத்தம் போட்டது மாப்பிள்ளையை அல்ல, அக்காவைத்தான். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம் இல்லையா என்று நான் கேட்டேன். "கேட்டா. பார்த்திருந்தேன். சொன்னேன்" என்றார். எனக்கும் அன்று அவரைப் பிடிக்கவில்லை.

அவர் எனக்கு எதையும் உட்கார வைத்துச் சொல்லித் தந்ததில்லை. கேட்டால், புக்குல கீது படி என்பார். படித்தேன். ஒரு முட்டையைச் சுற்றி எத்தனையோ விந்தணுக்கள் வந்து மோதுகின்றன. உள்ளே போக வேண்டியது ஒன்றுதான். தாயிடமிருந்து ஒரு பங்கு, தகப்பனிடமிருந்து ஒரு பங்கு. இரண்டு விந்தணுக்கள் நுழைந்தால் மூன்று பங்காகிவிடும், அந்தக் கரு பிள்ளையாகாது. அதனால் முட்டை தன்னிடமே ஒரு காவல் வைத்திருக்கிறது. அதன் மேல்தோலுக்கு உட்பக்கமாகப் பொடிப்பொடியான பைகள் வரிசையாகக் காத்திருக்கின்றன. முதல் விந்தணு வந்து ஒட்டியதும் முட்டைக்குள் ஓர் அலை ஓடுகிறது. பைகள் உடைந்து, தம்மிடம் உள்ள சாறை வெளியே கொட்டுகின்றன. முட்டையைச் சுற்றியுள்ள தடித்த உறையில் விந்தணுக்கள் பற்றிக்கொள்ளும் இடங்களை அந்தச் சாறு வெட்டிவிடுகிறது. உறை இறுகிப்போகிறது. பின்னால் வந்தவை வெளியிலேயே நின்றுவிடுகின்றன.

இதைப் படித்த அன்று எனக்கு ஃபாக்டரி கேட்டுதான் நினைவுக்கு வந்தது. எங்கள் நைனா திருவொற்றியூரில் ஒரு ஃபாக்டரி வாசலில் தினக்கூலிக்கு நின்றவர். காலையில் சங்கு ஊதும்போது கேட்டுக்கு முன்னால் கூட்டம் நெருக்கியடிக்கும். உள்ளே ஓர் ஆள் குறைந்திருந்தால் மேஸ்திரி பெரிய கேட்டில் இருக்கும் சின்னக் கதவைத் திறப்பான். ஓர் ஆள் நுழைந்ததும் வாட்ச்மேன் தாழ்ப்பாளைத் தள்ளிவிடுவான். மற்றவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கலைந்து போவார்கள். நைனா பல நாள் கலைந்து வந்தவர். வீட்டுக்குப் போனதும் அவரிடம் முட்டையைப் பற்றிச் சொன்னேன். சோற்றில் கை வைத்தபடியே கேட்டார்: "உள்ள போறவன யாரு பொறுக்கறது? மேஸ்திரிக்கு வேண்டப்பட்டவனா?"

"யாரும் பொறுக்கறதில்ல நைனா. மொதல்ல போய் ஒட்டிக்கினது எதுவோ அதான்."

"அப்ப நம்ம கேட்டுக்கு அது எவ்ளோ பரவால்ல" என்றார்.

மறுநாள் அக்காவிடம் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தார். உங்க நைனாவை லேபுக்குக் கூட்டிவா என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "வாட்ச்மேனும் அசந்துபோவான். ரொம்ப நேரம் நிக்க வெச்சா" என்றார். முட்டையை நேரத்துக்கு விந்தோடு சேர்க்காமல் காக்க வைத்தால் அது களைத்துப் போகும், அந்தப் பைகள் இருந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடும், உறை தாமதமாகத்தான் இறுகும். அதுவும் புத்தகத்தில் இருந்தது. நான் அந்தப் பக்கம்வரை வந்திருக்கவில்லை.

பெரிய மழை பெய்த வருஷம் அது. சடையங்குப்பத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்துகொண்டிருந்தார்கள். அவர் மணலியில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் கூலி. அந்த அம்மா வீட்டு வாசலில் இட்லி சுட்டு விற்கும் நாஸ்தா கடை போட்டிருந்தார். கல்யாணமாகி வெகுநாள் ஆகியும் குழந்தை இல்லை. முட்டை தீர்ந்துகொண்டே வருகிறது, இனி எடுக்க முடிவது இந்த ஒரு தடவைதான் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மழை வலுத்த ஒருநாள் காலையில் முட்டை எடுத்தாயிற்று. கொஞ்சம்தான் கிடைத்தது. மத்தியானம் புருஷன் விந்து கொடுக்க வேண்டும். அதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது, வீட்டுக்குள் தண்ணீர் ஏறுகிறது என்று. அரிசி மூட்டையையும் டிவியையும் பரண்மேல் ஏற்றிவிட்டு ஓடி வந்துவிடுகிறேன், முட்டை எங்கே ஓடிப் போகப்போகிறது என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

பஸ் நின்றுபோனது. ரோடெல்லாம் தண்ணீர். அவர் இடுப்புவரை நனைந்து, நடுங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. இன்குபேட்டர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தே இருந்த அக்கா அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. "மொதல்ல டீ குடி. அப்பால போய் குடு" என்றார். ஒற்றை விந்தணுவை ஊசியால் உள்ளே செலுத்துகிற மெஷின் எங்களிடம் அப்போது கிடையாது. தட்டில் சேர்த்து வைத்து, முட்டையின் காவலை நம்ப வேண்டியதுதான். சேர்த்து வைத்துவிட்டு அக்கா ரயிலைப் பிடித்து வீட்டுக்குப் போனார். நான் ஆஸ்பத்திரியிலேயே படுத்துக்கொண்டேன்.

மறுநாள் மழை விடவில்லை. தண்டவாளத்தில் தண்ணீர், ரயில் இல்லை. வர வேண்டாம் என்று டாக்டரே அக்காவுக்குப் போன் செய்து சொன்னார். கரு பிரிந்திருக்கிறதா என்று அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஆனால் அடுத்த நாள் பார்த்தால் தெரியாத ஒன்று இருக்கிறது. சேர்த்து வைத்ததற்கு மறுநாள், சில மணி நேரம் மட்டும், முட்டைக்குள் தாயின் பங்கும் தகப்பனின் பங்கும் இரண்டு சின்ன வட்டங்களாகத் தனித்தனியாகத் தெரியும். இரண்டு தெரிந்தால் சரி. இரண்டு விந்தணுக்கள் நுழைந்திருந்தால் மூன்று தெரியும். அந்த நேரம் கடந்துவிட்டால் வட்டங்கள் கலந்து மறைந்துபோகும். கெட்ட கருவும் நல்ல கருவைப் போலவே இரண்டாய், நாலாய்ப் பிரிந்து அழகாக நிற்கும். எந்தக் கண்ணாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அந்த நேரம் முடிவதற்குள் அக்கா வந்து சேர்ந்தார். விம்கோ நகரிலிருந்து தண்டவாளத்தோடு நடந்தே வந்திருந்தார். செருப்பு பையில் இருந்தது. காலைக் கழுவிக்கொண்டு, உடை மாற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். தலையை எடுத்தபோது கண்ணைச் சுற்றிய தடம் வழக்கத்தைவிட ஆழமாக இருந்தது.

"பார்த்தாச்சு" என்றார். "மத்ததெல்லாம் ஒண்ணும் ஆவல. ஆனது ஒண்ணுதான். அதுல மூணு."

டாக்டர் மாடிக்கு வந்து கேட்டுக்கொண்டார். நல்ல மனுஷி. இரண்டு நாளாகக் கீழே பிரசவம் பார்த்துக் களைத்திருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் பேசினார். "ரயில் இல்ல. நீ வரலன்னா நமக்கே தெரிஞ்சிருக்காது. நீ வரலன்னே வெச்சுக்குவோமே. உள்ள வெச்சாலும் நிக்கப்போறதில்ல. முயற்சி பண்ணிப் பாத்தோம்னு ஒரு நிம்மதியோட போகட்டும் அந்தப் பொண்ணு."

"நிக்காம போனா பரவால்ல டாக்டர்" என்றார் அக்கா. "நின்னுட்டா?"

டாக்டருக்கு விளக்கம் வேண்டியதில்லை. இப்படிப்பட்ட கரு சில சமயம் ஒட்டிக்கொள்ளும். வயிறு வளரும், வாந்தி வரும், ஊரெல்லாம் வாழ்த்தும். உள்ளே வளர்வது பிள்ளையாக இருக்காது, திராட்சைக் கொத்துபோல நீர்க்கட்டிகளாக இருக்கும். முத்துப்பிள்ளை என்பார்கள். எடுக்கும்போது ரத்தப்போக்கில் தாயே போய்விடலாம். "அப்ப நீயே சொல்லிடு. என்னால முடியாது" என்று டாக்டர் எழுந்து கீழே போனார்.

வீட்டுக்குப் போக முடியாமல் ராத்திரி ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்ட புருஷனும் பெண்சாதியும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா நின்றுகொண்டே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. ஒரு முட்டைதான் கருவானது, அதில் இரண்டு விந்தணுக்கள் நுழைந்துவிட்டன, அதை வைக்க முடியாது என்றார். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். புருஷன் எழுந்து, அக்காவுக்குப் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல் கேட்டார்.

"ரெண்டுமே என்துதானம்மா?"

"ரெண்டும் உங்களுதுதான்."

"அப்பால இன்னா தப்பு?"

அக்கா என்னைப் பார்த்தார். அவர் யாரிடமும் உதவி கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எனக்கு வேறு வழி தெரியவில்லை. உங்கள் கம்பெனி வாசலில் காலையில் ஓர் ஆளை உள்ளே விட்டதும் தாழ்ப்பாள் போடுவார்கள் இல்லையா என்று ஆரம்பித்தேன். நேற்று ரொம்ப நேரம் நின்றதில் வாட்ச்மேன் அசந்துவிட்டான், தாழ்ப்பாள் விழுவதற்குள் இன்னோர் ஆளும் நுழைந்துவிட்டான் என்றேன். அவர் நான் முடிக்கும்வரை காத்திருக்கவில்லை.

"ரெண்டு பேரையும் வெளிய தள்ளிடுவான்" என்றார். பெஞ்சில் உட்கார்ந்தார். "நான்தான் லேட்டா வந்துட்டேன்" என்று தன் காலைப் பார்த்துச் சொன்னார். சேறு காய்ந்து வெளுத்திருந்தது.

அந்த அம்மா அப்போதுதான் தலையைத் தூக்கினார். புருஷனைப் பார்க்கவில்லை. வராந்தாக் கம்பியில் காயப் போட்டிருந்த அக்காவின் நனைந்த புடவை, பக்கத்தில் கிடந்த பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த செருப்பு இரண்டையும் பார்த்தார்.

"ரயிலு இல்லன்னு சொன்னாங்களே. நீ ஏம்மா நடந்து வந்த?" குரலை உயர்த்தவே இல்லை. "இன்னிக்கு ஒரு நாளு நீ வூட்லயே இருந்திருக்கக் கூடாதா?"

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அக்கா நின்றதை அன்றுதான் பார்த்தேன். அந்த அம்மா எழுந்தார். முந்தின நாள் வைத்த தன் பூவைத் தட்டில் தேடி எடுத்தார். கறுத்து வாடியிருந்தது. அதையே தலையில் செருகிக்கொண்டு படியிறங்கினார். புருஷன் பின்னால் போனார். கீழே ஏதோ ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. அவர்கள் மறுபடி வரவில்லை.

சாயங்காலம் மழை விட்டிருந்தது. ரயில் விடவில்லை. நாங்கள் இருவரும் தண்டவாளத்தோடு நடந்தோம். எங்களைப் போல நிறையப் பேர் வடக்குப் பக்கம் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஜல்லிக்கல் காலைக் குத்தியது. கொருக்குப்பேட்டை தாண்டியதும் அக்கா நின்று, தைல பாட்டிலை எடுத்துக் கழுத்தில் தேய்த்துக்கொண்டார். மற்றவர்கள் முன்னால் போய்விட்டிருந்தார்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர அங்கே யாரும் இல்லை. பாட்டிலை மூடாமலே பேசினார்.

"காலைல விம்கோ நகர் ஸ்டேஷன்ல பெஞ்சுல உக்காந்து யோசிச்சேன், இப்டியே திரும்பிடலாமான்னு. டாக்டரே வராதன்னு சொல்ட்டாங்க. அவ்ளோ நேரம் காத்துக்கினு கெடந்த முட்டை. போனா மூணுதான் தெரியும்னு எனக்குத் தெரியும்."

"அப்பால ஏங்க்கா வந்தீங்க?"

பாட்டிலை மூடிப் பைக்குள் போட்டார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தண்டவாளத்தின் ஒரு குறுக்குக் கட்டை தாண்டினார், இன்னொரு கட்டை தாண்டினார்.

"ரெண்டாக்கூட இருந்திருக்கலாம்ல" என்றார்.